சண்டை வரியில் தொடங்கியது, மானத்தில் நின்றது

உங்கள் நாட்டுக்கு மிக முக்கியமான நட்பு நாடு எது? மிகப் பெரிய அச்சுறுத்தல் எந்த நாட்டால் வரும் என்று நினைக்கிறீர்கள்? அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2025-இல் பல நாட்டு மக்களிடம் இந்த இரண்டு கேள்விகளையும் கேட்டது. கனடாவில் முதல் கேள்விக்கு 55 சதவீதம் பேர் சொன்ன பதில், அமெரிக்கா. இரண்டாவது கேள்விக்கு 59 சதவீதம் பேர் சொன்ன பதிலும் அமெரிக்காதான். இரண்டையும் கூட்டினால் நூறைத் தாண்டுகிறது. குறைந்தது நூற்றில் பதினான்கு பேராவது இரண்டு கேள்விக்கும் ஒரே நாட்டின் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். அதே மையத்தின் கணிப்பில், அமெரிக்காவை நல்லெண்ணத்தோடு பார்க்கும் கனடியர்கள் 2024-இல் 54 சதவீதம். ஓராண்டில் அது 34 ஆகச் சரிந்தது.

இத்தனைக்கும் இவை நேற்றுவரை ஒன்றுக்குள் ஒன்றாக இருந்த நாடுகள். இடையில் இருப்பது 8,891 கிலோமீட்டர் எல்லை, உலகிலேயே நீளமானது. படைகள் காவல் நிற்காதது. 2024-இல் கனடா ஏற்றுமதி செய்த சரக்கில் முக்கால் பங்கு இந்த ஒரே அண்டை நாட்டுக்குத்தான் போனது. அந்த நட்பை ஓராண்டில் இப்படிக் குலைத்தது இறக்குமதி வரி என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். எனக்கு அந்த விளக்கம் போதவில்லை. வரி இதற்கு முன்பும் வந்திருக்கிறது. அப்போதெல்லாம் மக்கள் இப்படிக் கொதிக்கவில்லை.

நடந்ததைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 2024 நவம்பரில், பதவியேற்பதற்கு முன்பே, கனடா, மெக்சிகோ சரக்குகளுக்கு 25 சதவீத வரி போடுவேன் என்றார் டொனால்ட் டிரம்ப். 2025 பிப்ரவரி 1 அன்று ஆணையில் கையெழுத்திட்டார். பிப்ரவரி 3-இல் ஒரு மாதம் நிறுத்திவைத்தார். மார்ச் 4-இல் வரி அமலுக்கு வந்தது. மூன்றே நாளில், வட அமெரிக்க வர்த்தக ஒப்பந்தத்தின் விதிகளுக்கு உட்பட்ட சரக்குகளுக்கு விலக்கு கிடைத்தது. மார்ச் 12-இல் எஃகு, அலுமினியத்துக்கு 25 சதவீதம்; ஏப்ரலில் கார்களுக்கு; ஜூனில் எஃகு, அலுமினிய வரி 50 சதவீதமாக இரட்டிப்பு; ஆகஸ்டில் ஒப்பந்தத்துக்கு உட்படாத சரக்குகளுக்கு 35. கனடாவும் மார்ச் 4 அன்றே 3,000 கோடி கனடிய டாலர் மதிப்புள்ள அமெரிக்கச் சரக்குகளுக்குப் பதிலடி வரி போட்டது.

சொல்லப்பட்ட காரணம், எல்லை வழியாக வரும் ஃபென்டனில் போதைப்பொருளும் சட்டவிரோதக் குடியேற்றமும். 2024 நிதியாண்டில் அமெரிக்க அதிகாரிகள் தங்கள் வடக்கு எல்லையில் பிடித்த ஃபென்டனில் 43 பவுண்டு, அதாவது இருபது கிலோவுக்கும் குறைவு. தெற்கே மெக்சிகோ எல்லையில் பிடிபட்டது 21,000 பவுண்டுக்கும் மேல். இந்தக் கணக்கு கனடாவில் பத்திரிகை படிக்கும் எவருக்கும் தெரியும். சாக்குச் சொல்லி அடிக்கிறார்கள் என்ற எண்ணம் அங்கேதான் விழுந்தது.

அதோடு ஒரு பேச்சும் சேர்ந்துகொண்டது. கனடா அமெரிக்காவின் 51-வது மாநிலமாகிவிடலாம் என்றார் டிரம்ப். பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோவை 'கவர்னர்' என்றே அழைத்தார். முதலில் கேலி என்று விட்டுவிட்டார்கள். திரும்பத் திரும்பச் சொல்லவே, கேலியாகத் தெரியவில்லை.

நம் கிராமங்களில் பங்காளிச் சண்டையைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். வரப்பு அரை அடி நகர்ந்ததற்குப் பஞ்சாயத்து பேசித் தீர்த்துவிடலாம். 'உனக்கெல்லாம் எதுக்குடா நிலம்' என்று நாலு பேர் முன்னால் ஒரு வார்த்தை விழுந்துவிட்டால், மூன்று தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை இருக்காது. கனடாவில் விழுந்தது அப்படி ஒரு வார்த்தை.

காலியான அலமாரி

ஒன்டாரியோ மாகாணத்தில் மது மொத்த விற்பனை மாகாண அரசின் கையில். அதற்கான நிறுவனம் எல்.சி.பி.ஓ.; நம் டாஸ்மாக்குக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம். உலகில் மது வாங்கும் மிகப் பெரிய நிறுவனங்களில் ஒன்று அது. மார்ச் 4 அன்று மாகாண முதல்வர் டக் ஃபோர்டின் உத்தரவுப்படி அதன் கடைகளிலிருந்து அமெரிக்கச் சரக்கு முழுவதையும் எடுத்தார்கள். 35 மாநிலங்களிலிருந்து வந்த 3,600 வகைப் பாட்டில்கள். ஆண்டுக்கு ஏறக்குறைய 100 கோடி கனடிய டாலர் விற்பனை. கலிபோர்னியா ஒயினும் கென்டக்கி போர்பனும் இருந்த தட்டுகளில், கனடிய மதுவை வாங்குங்கள் என்ற அட்டைகள் நின்றன. ஊழியர்கள் பாட்டில்களை அட்டைப்பெட்டியில் அடுக்கும் காட்சி அன்று மாலைச் செய்தியில் திரும்பத் திரும்ப ஓடியது. மற்ற மாகாணங்களும் ஒவ்வொன்றாக இதைச் செய்தன.

ஜாக் டேனியல்ஸ் விஸ்கியைத் தயாரிக்கும் பிரவுன் ஃபோர்மன் நிறுவனத்தின் தலைவர் லாசன் வைட்டிங், இது வரியைவிட மோசம் என்று முதலீட்டாளர்களிடம் சொன்னார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. வரி போட்டால் விலை ஏறும், விருப்பமுள்ளவர் வாங்குவார். அலமாரியிலேயே இல்லை என்றால் என்ன செய்வது?

மதுக்கடையை அரசு உத்தரவு காலி செய்தது. மளிகைக்கடையில் யாரும் உத்தரவு போடவில்லை. அங்கே நடந்ததுதான் உண்மையான பொதுக்கருத்து. மக்கள் அமெரிக்கப் பொருட்களை அலமாரியிலேயே தலைகீழாகத் திருப்பிவைத்துவிட்டுப் போனார்கள், அடுத்து வருபவர் தெரிந்துகொள்ளட்டும் என்று. பொருளின் பட்டைக் குறியீட்டைக் காட்டினால் அது எந்த நாட்டுச் சரக்கு என்று சொல்லும் செல்பேசிச் செயலிகள் சில வாரங்களில் முளைத்தன. லாப்லாஸ் பேரங்காடியில் வரியால் விலை ஏறிய பொருட்களின் விலைச்சீட்டில் 'டி' என்ற எழுத்தைப் பொறித்தார்கள். கனடிய லேபிள் விதிகளில் 'கனடாவின் விளைபொருள்' என்றால் 98 சதவீதமாவது உள்நாட்டுச் செலவு. 'கனடாவில் தயாரித்தது' என்றால் 51 சதவீதம் போதும். அதுவரை அதிகாரிகளுக்கும் வியாபாரிகளுக்கும் மட்டும் தெரிந்திருந்த இந்த வேறுபாட்டைக் காய்கறி வாங்க வந்தவர்கள் பேசத் தொடங்கினார்கள். ஜாம் பாட்டிலைத் திருப்பிப் பார்த்து, பழம் எங்கே விளைந்தது, பாட்டிலில் அடைத்தது எங்கே என்று தேடும் பழக்கம் வந்தது. குளிர்காலத்தில் கனடாவுக்குக் கீரையும் ஸ்ட்ராபெர்ரியும் பெரும்பாலும் கலிபோர்னியா, ஃப்ளோரிடாவிலிருந்துதான் வரும். இருந்தும் பலர் வேண்டாமென்று வைத்தார்கள்.

பயணமும் குறைந்தது. அமெரிக்கா போய்விட்டுக் காரில் திரும்பும் கனடியர்களின் எண்ணிக்கை, 2025 வசந்த காலத்திலிருந்து பல மாதங்கள், முந்தைய ஆண்டைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்ததாகக் கனடிய அரசின் புள்ளியியல் துறைக் கணக்கு சொல்கிறது. எல்லை தாண்டிப் போய்ப் பால், பெட்ரோல், சட்டை வாங்கிவருவது அங்கே ஞாயிற்றுக்கிழமை வழக்கம். மேய்ன் கடற்கரையின் விடுதிகளும் வடக்கு நியூயார்க்கின் கடைகளும் கியூபெக்காரர்களை நம்பிப் பிழைத்தவை. அவற்றை நடத்துபவர்களுக்கு இந்தத் தகராறில் ஒரு பங்கும் இல்லை. அடி அவர்கள் மேல்தான் விழுந்தது.

டொராண்டோவின் ஸ்கார்பரோவில் இருக்கும் தமிழ்க் குடும்பத்துக்கு நியூஜெர்சியில் அக்காவோ சித்தப்பாவோ இருப்பது சாதாரணம். கோடை விடுமுறை என்றாலே நயாகரா தாண்டிப் போவதுதான். அவர்கள் வீடுகளிலும் இந்த ஆண்டு போவதா வேண்டாமா என்ற பேச்சு எழுந்தது. அதில் வரிக் கோபம் பாதி, எல்லையில் செல்பேசியை வாங்கிச் சோதிப்பார்களோ என்ற பயம் பாதி.

வெறும் வரியாக இருந்தபோது

இது மானப் பிரச்சினை என்று நான் சொல்வதற்கு ஆதாரம் 2018. அந்த ஆண்டு ஜூன் 1 அன்று இதே டிரம்ப், தேசப் பாதுகாப்பைக் காரணம் காட்டிக் கனடிய எஃகுக்கு 25 சதவீதமும் அலுமினியத்துக்கு 10 சதவீதமும் வரி போட்டார். கனடா தன் தேசிய தினமான ஜூலை 1-இல் 1,660 கோடி டாலர் சரக்குக்குப் பதிலடி கொடுத்தது. பட்டியலில் விஸ்கி இருந்தது, தக்காளி கெட்ச்அப்கூட இருந்தது. மக்கள் அரசின் பக்கம்தான் நின்றார்கள். சிலர் அமெரிக்கப் பொருளை ஒதுக்கவும் செய்தார்கள். ஆனால் அமெரிக்க தேசிய கீதத்துக்கு அரங்கமே கூச்சல் போடவில்லை. தேர்தல் முடிவு தலைகீழாகவில்லை. 2019 மே மாதம் வரி நீங்கியதும் எல்லோரும் அதை மறந்தார்கள்.

2025-இல் என்ன ஆயிற்று? பிப்ரவரி 1 இரவு ஒட்டாவாவில் ஐஸ் ஹாக்கி ஆட்டத்துக்கு முன் அமெரிக்க தேசிய கீதம் பாடியபோது அரங்கம் ஊளையிட்டது. அடுத்தவரிடம் அதிர்ந்து பேசாதவர்கள் என்று பெயர் வாங்கிய மக்கள். பிப்ரவரி 15 அன்று மான்ட்ரியாலில் இரு நாட்டு அணிகளும் மோதிய ஆட்டத்தில் கூச்சல் இன்னும் பலத்தது. ஆட்டம் தொடங்கிய ஒன்பது விநாடிக்குள் மூன்று அடிதடி. ஐந்து நாள் கழித்து பாஸ்டனில் இறுதி ஆட்டம். கூடுதல் நேரத்தில் கானர் மெக்டேவிட் அடித்த கோலில் கனடா 3-2 என்று வென்றது. மார்ச் 1 அன்று நகைச்சுவை நடிகர் மைக் மையர்ஸ் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியின் முடிவில் முழங்கையைத் தட்டிக்காட்டி 'எல்போஸ் அப்' என்று வாயசைத்தார். பழைய ஹாக்கி வீரர் கோர்டி ஹோவின் ஆட்டப்பாணி அது. நெருங்கி வந்தால் முழங்கையால் இடிப்பேன் என்று பொருள். சில நாட்களில் அது ஊர்வல முழக்கமானது, பனியனில் ஏறியது.

ஜனவரித் தொடக்கத்தில் எதிர்க்கட்சியான கன்சர்வேடிவ் கட்சி கருத்துக்கணிப்புகளில் இருபது புள்ளிகளுக்கு மேல் முன்னிலையில் இருந்தது. ஜனவரி 6 அன்று ட்ரூடோ விலகுவதாக அறிவித்தார். மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநரும் அதுவரை எந்தத் தேர்தலிலும் நின்றிராதவருமான மார்க் கார்னி மார்ச் 14-இல் பிரதமரானார். ஏப்ரல் 28 தேர்தலில் அவருடைய லிபரல் கட்சிக்கு 43.8 சதவீத வாக்கும் 169 இடங்களும். எதிர்க்கட்சித் தலைவர் பியர் பொய்லியேவ் தன் சொந்தத் தொகுதியிலேயே தோற்றார். விலைவாசியும் வீட்டு வாடகையும் தீர்மானிக்கும் என்று நினைத்த தேர்தலை, பக்கத்து நாட்டு அதிபர் பேசிய பேச்சு தீர்மானித்தது.

1911, 1988

கனடாவுக்கு இது புதிதல்ல. அமெரிக்க வர்த்தகத்தை முன்வைத்து நடந்த பெரிய தேர்தல்கள் எல்லாவற்றிலும் பொருளாதாரம் பேசத் தொடங்கி, நாடு இருக்குமா இருக்காதா என்ற கேள்வியில்தான் போய் முடித்திருக்கிறார்கள்.

1911-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பதினைந்து ஆண்டுகள் பிரதமராக இருந்த வில்ஃப்ரிட் லோரியே, அமெரிக்காவோடு பரஸ்பர வரிக்குறைப்பு ஒப்பந்தம் ஒன்றைக் கொண்டுவந்தார். மேற்கு மாகாணக் கோதுமை விவசாயிகள் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்தது அதுதான். கைக்கெட்டும் தூரத்தில் சந்தை, வரி இல்லாமல். காகிதத்தில் பார்த்தால் தோற்கவே கூடாத திட்டம். டொராண்டோ ஆலை முதலாளிகளுக்கு அது பிடிக்கவில்லை. லோரியேயின் கட்சியைச் சேர்ந்த பதினெட்டு தொழிலதிபர்கள் பகிரங்கமாக எதிர்த்து அறிக்கை விட்டார்கள். அதுகூடச் சமாளிக்கக்கூடிய எதிர்ப்புதான். அமெரிக்க நாடாளுமன்றத்தில் சேம்ப் கிளார்க் பேசிய பேச்சைத்தான் சமாளிக்க முடியவில்லை. விரைவில் கீழவையின் தலைவராகவிருந்த அவர், வட துருவம் வரையுள்ள பிரிட்டிஷ் நிலம் ஒவ்வோர் அடியிலும் அமெரிக்கக் கொடி பறக்கும் நாளைக் காண விரும்புவதாகச் சொன்னார். கனடாவில் அந்தப் பேச்சு கோதுமை விலையை மூழ்கடித்துவிட்டது. யாங்கிகளோடு எந்தச் சங்காத்தமும் வேண்டாம் என்று எதிர்க்கட்சித் தலைவர் ராபர்ட் போர்டனின் கட்சி முழங்கியது. செப்டம்பர் 21 அன்று லோரியே தோற்றார், ஒப்பந்தமும் போனது. 2025-இல் '51-வது மாநிலம்' என்ற பேச்சைக் கேட்டபோது கனடிய வரலாற்று ஆசிரியர்களுக்கு முதலில் நினைவுக்கு வந்திருக்கக்கூடிய பெயர் சேம்ப் கிளார்க்.

இடையில் 1930-இல் அமெரிக்கா ஸ்மூட்–ஹாலி சட்டத்தால் வரிகளை ஏற்றியது. கனடா பதிலடி கொடுத்தது. கோழிமுட்டைக்கு அமெரிக்கா என்ன வரி போட்டதோ அதே வரியைக் கனடாவும் போட்டது. அமெரிக்க முட்டை வாங்கிக்கொண்டிருந்த கனடியச் சந்தை ஏறக்குறைய முற்றிலும் மூடிக்கொண்டது.

1988 நவம்பர் தேர்தல் அமெரிக்காவோடு தடையற்ற வர்த்தக ஒப்பந்தத்துக்கு ஆதரவா எதிர்ப்பா என்ற ஒரே கேள்வியின் மேல் நடந்தது. லிபரல் கட்சியின் தொலைக்காட்சி விளம்பரம் ஒன்றில், அமெரிக்கப் பிரதிநிதி ஒருவர் வரைபடத்தில் ஒரு கோடு மட்டும் இடைஞ்சலாக இருக்கிறது என்று சொல்லி, இரு நாட்டு எல்லைக்கோட்டை ரப்பரால் அழிப்பார். இன்றும் அங்கே பேசப்படும் விளம்பரம். ஒப்பந்தத்தை எதிர்த்த இரு கட்சிகளும் சேர்ந்து 52 சதவீத வாக்கு வாங்கின. ஒப்பந்தத்தைக் கொண்டுவந்த பிரையன் மல்ரோனியின் கட்சிக்கு 43 சதவீதம், 169 இடங்கள். அன்று 295 இடங்கள்தான் என்பதால் அறுதிப் பெரும்பான்மை. வாக்கு பிரிந்ததால் ஒப்பந்தம் பிழைத்தது, 1989 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 37 ஆண்டுகள் கழித்து அதே 43 சதவீதச் சொச்சத்தோடும் அதே 169 இடங்களோடும் ஒரு கட்சி ஜெயித்தது, அமெரிக்காவை எதிர்த்து நிற்போம் என்று சொல்லி. இம்முறை 343 இடங்கள் என்பதால் சிறுபான்மை அரசு.

வின்ட்சர் வேறு மாதிரி வாக்களித்தது

இந்த உணர்ச்சி வெள்ளத்தில் கவனிக்கவேண்டிய ஊர் வின்ட்சர். டெட்ராய்ட் நதியின் இக்கரையில் அது, அக்கரையில் அமெரிக்காவின் டெட்ராய்ட். நடுவில் 1929-இல் திறந்த அம்பாசடர் பாலம். இரு நாட்டுச் சரக்கு வர்த்தகத்தின் மதிப்பில் ஏறக்குறைய கால் பங்கு அந்த ஒரே பாலத்தின் வழியாகப் போகிறது. 1965-இல் இரு நாடுகளும் செய்த மோட்டார் வாகன ஒப்பந்தத்துக்குப் பிறகு இக்கரை, அக்கரை என்ற பேதமே கார் தொழிலில் இல்லை. ஓர் உதிரிபாகம் வார்ப்பாக இங்கிருந்து போய், அங்கே கடைந்து, மறுபடி இங்கே வந்து பூட்டப்பட்டு, முழுக் காராகும் முன் ஆறேழு தடவை எல்லை தாண்டும். ஒவ்வொரு தாண்டலுக்கும் வரி என்றால் தொழில் நடக்காது. கார் வரி அமலான ஏப்ரல் 3 அன்றே ஸ்டெலான்டிஸ் நிறுவனம் வின்ட்சர் ஆலையை இரண்டு வாரம் நிறுத்துவதாக அறிவித்தது. 3,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள்.

வரியால் நேரடியாக அடிபட்ட இந்த ஊர், வரியை எதிர்த்து முழங்கிய கட்சிக்குத்தானே வாக்களித்திருக்கவேண்டும்? வின்ட்சர் மேற்குத் தொகுதி கன்சர்வேடிவ் கட்சிக்குப் போனது. வின்ட்சர்–டெகம்சே–லேக்‌ஷோர் தொகுதியும் போனது, மறு எண்ணிக்கைக்குப் பிறகு நான்கே வாக்கு வித்தியாசத்தில். ஒட்டாவாவிலும் டொராண்டோவிலும் வரி என்பது தேசத்தின் அவமானம். வின்ட்சரில் அது அடுத்த மாதச் சம்பளம், பிள்ளையின் கல்லூரிக் கட்டணம். அங்கே கோபம் இல்லாமலில்லை. ஆனால் கோபம் மட்டும் இருந்தால் போதும் என்ற வசதி அங்கே இல்லை. தங்கள் வேலை போய்க்கொண்டிருந்த ஆண்டுகளில் ஆட்சியில் இருந்தது யார் என்ற கேள்வியும் அவர்களுக்கு உண்டு.

ஆல்பர்ட்டாவும் அப்படித்தான். நாள்தோறும் 40 லட்சம் பீப்பாய் அளவில் கனடியக் கச்சா எண்ணெய் அமெரிக்கா போகிறது, பெரும்பாலும் அந்த மாகாணத்திலிருந்து. பதிலடியாக எண்ணெயை நிறுத்தலாம் என்ற யோசனை ஒட்டாவாவில் எழுந்ததும், 2025 ஜனவரியில் மாகாண முதல்வர்களின் கூட்டறிக்கையில் ஆல்பர்ட்டா முதல்வர் டேனியல் ஸ்மித் கையெழுத்திட மறுத்தார். துரோகி என்றார்கள். அவர் மாகாணத்தின் 37 தொகுதிகளில் 34 கன்சர்வேடிவ் கட்சிக்குப் போயின.

தேசியக் கருத்துக்கணிப்பில் 'பத்தில் ஒன்பது பேர் அமெரிக்காவோடு சேர விரும்பவில்லை' என்று வருவதையும், 'பதிலடி வேண்டும்' என்று பெரும்பான்மையினர் சொல்வதையும் நான் நம்புகிறேன். அந்தக் கணிப்புகள் கேட்கத் தவறுகிற ஒன்று உண்டு: அந்தப் பதிலடிக்கு விலை கொடுக்கப்போவது நீங்களா, வேறு யாராவதா? விலை கொடுப்பவர்கள் மக்கள்தொகையில் சிறு துண்டு. ஹாமில்டன், சூ செயின்ட் மேரி எஃகுத் தொழிலாளர்கள், சாகெனே அலுமினியத் தொழிலாளர்கள், பிராம்ப்டன் கார் ஆலைக்காரர்கள். ஆயிரம் பேரிடம் கேட்கும் கணிப்பில் அவர்கள் ஐந்து பேர்கூட இருக்கமாட்டார்கள்.

பிராம்ப்டனைப் பாருங்கள். இந்தியாவிலிருந்து போன குடும்பங்கள் ஏராளமாக வாழும் நகரம். அங்கே ஸ்டெலான்டிஸ் ஆலை புதிய ஜீப் காருக்காக மாற்றியமைக்க மூடப்பட்டிருந்தது. சுமார் 3,000 பேர் அது திறக்கும் நாளுக்குக் காத்திருந்தார்கள். 2025 அக்டோபரில் அந்தக் காரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் செய்யப்போவதாக நிறுவனம் அறிவித்தது. அமெரிக்கச் சரக்கை ஒதுக்கிவைத்த எந்த அலமாரியும் அந்த வேலையைத் திருப்பித் தரவில்லை. திருப்பூரில் ஒரு பின்னலாடை ஆர்டர் ரத்தானால் தையல்காரர் வீட்டில் என்ன நடக்கும் என்று 2025 ஆகஸ்டுக்குப் பிறகு நமக்கு நன்றாகவே தெரியும். அதே அதிபர் இந்தியச் சரக்குக்கு 50 சதவீதம் போட்ட மாதம் அது.

தன் வரி தெரியாது

அமெரிக்க வரியைக் கண்டு கொதிக்கும் கனடிய மக்கள், தங்கள் நாடு வெண்ணெய்க்குப் போடும் வரியைப் பற்றி அநேகமாகப் பேசுவதில்லை. பால், முட்டை, கோழி ஆகியவற்றின் உற்பத்திக்கு அங்கே ஒதுக்கீடு உண்டு. வெளிநாட்டிலிருந்து வருவதற்கும் அளவு உண்டு. அந்த அளவைத் தாண்டி வரும் வெண்ணெய்க்கு வரி ஏறக்குறைய 300 சதவீதம். பாலுக்கு 240-க்கு மேல். கியூபெக், ஒன்டாரியோ பண்ணைக் குடும்பங்களைக் காக்கும் ஏற்பாடு இது; நானும் அதன் நியாயத்தை மறுக்கமாட்டேன். 2025 ஜூனில், இதை எந்த வர்த்தகப் பேச்சிலும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று நாடாளுமன்றம் கட்சி வேறுபாடின்றிச் சட்டமே போட்டது. அண்டை வீட்டார் போடுவது அநியாய வரி, நாம் போடுவது விவசாயப் பாதுகாப்பு. எல்லா நாட்டு மக்களும் இப்படித்தான் நினைக்கிறார்கள், நாமும் சேர்த்துத்தான்.

இன்னொன்று: கனடாவின் மாகாணங்கள் தங்களுக்குள்ளேயே வைத்திருக்கும் தடைகள். 2012-இல் நியூ பிரன்ஸ்விக் முதியவர் ஒருவர் பக்கத்துக் கியூபெக்கில் மலிவாகக் கிடைத்த பதினான்கு பெட்டி பீரை வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் வழியில் பிடிபட்டார். அபராதம் 292 டாலர் 50 காசு. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2018-இல் மாகாணத்தின் பக்கமே தீர்ப்பானது. இந்தத் தடைகளைக் களைய வேண்டும் என்று பொருளாதார வல்லுநர்கள் பல பத்தாண்டுகளாகச் சொன்னார்கள், யாரும் கேட்கவில்லை. அமெரிக்க வரி வந்ததும் நோவா ஸ்கோஷியாவில் தொடங்கி மாகாணங்கள் ஒவ்வொன்றாகச் சட்டம் திருத்தின. ஜூனில் மத்திய அரசும் தன் பங்குக்குச் சட்டம் கொண்டுவந்தது. இந்தக் கோபத்தால் விளைந்த நல்லது என்று தயங்காமல் சொல்லத்தக்கது இதுதான்.

அக்கரையில்

அமெரிக்கர்களுக்குக் கனடா மேல் பகை கிடையாது. எந்த நாட்டைப் பிடிக்கும் என்று கேலப் நிறுவனம் ஆண்டுதோறும் கேட்கும்போது கனடா முதல் வரிசையில் வருகிறது. ஆனால் அவர்களில் பெரும்பாலோருக்குக் கனடா வாக்கு போடும் காரணம் கிடையாது. ஒருவருக்கு வாழ்வா சாவா என்பது மற்றவருக்கு ஏழாம் பக்கச் செய்தி. வலி கனடாவில் எல்லோருக்கும் பரவியது. அமெரிக்காவில் ஆங்காங்கே சில தொழில்களுக்கு மட்டும்.

அந்தச் சில தொழில்கள் பேசிய இடத்தில் கொஞ்சம் அசைந்தது. அமெரிக்க விவசாயிகள் வாங்கும் பொட்டாஷ் உரத்தின் பெரும்பகுதி சஸ்காட்சவன் மாகாணத்திலிருந்து போகிறது. விவசாயிகள் முணுமுணுத்ததும் மார்ச் 6 அன்று பொட்டாஷ் வரி 10 சதவீதமாக இறங்கியது. ஏப்ரல் 2 அன்று கனடா மீதான வரிக்கு அடிப்படையான அவசரநிலையை ரத்து செய்யும் தீர்மானம் செனட்டில் 51-48 என்று நிறைவேறியது. குடியரசுக் கட்சியிலிருந்து அதற்கு வாக்களித்த நால்வரில் இருவர் ராண்ட் பால், மிட்ச் மெக்கானல். இருவரும் போர்பனின் தாயகமான கென்டக்கியின் செனட்டர்கள். ஒன்டாரியோவின் காலி அலமாரி அங்கே எட்டியிருக்கிறது என்று நினைக்கத் தோன்றுகிறது. அந்த ஆண்டு கீழவை அந்தத் தீர்மானத்தைத் தொடவில்லை.

எல்லை ஊர்களில் துயரம் வேறு விதமானது. வெர்மான்ட்டின் டெர்பி லைன், கியூபெக்கின் ஸ்டான்ஸ்டெட் இரண்டுக்கும் நடுவே, வேண்டுமென்றே எல்லைக்கோட்டின் மேல் கட்டி 1904-இல் திறந்தார்கள் ஹாஸ்கல் நூலகத்தை. வாசிப்பறைத் தரையில் கறுப்புக் கோடு ஓடுகிறது. முன்வாசல் அமெரிக்காவில், புத்தகங்களில் பெரும்பகுதி கனடாவில். நூற்றாண்டுக்கும் மேலாகக் கனடியர்கள் நடைபாதை வழியே சுற்றிவந்து, கடவுச்சீட்டு காட்டாமல் அந்த வாசலில் நுழைந்தார்கள். 2025 மார்ச்சில் அமெரிக்க அதிகாரிகள் அதற்குக் கட்டுப்பாடு விதித்தார்கள். கனடாப் பக்கம் தனி வாசல் வைக்க நன்கொடை திரட்டினார்கள்; மர்ம நாவலாசிரியர் லூயிஸ் பென்னி 50,000 டாலர் கொடுத்தார். வரித் தகராறுக்கும் நூலக வாசலுக்கும் சட்டப்படி சம்பந்தமில்லை. இரண்டும் ஒரே மனநிலையின் விளைவு என்று அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும்.

கோபம் ஆறியபோது

கார்னி அரசு பேச்சுவார்த்தை மேசையில் ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தது. ஜூன் இறுதியில், டிரம்ப் பேச்சை முறித்ததும், பெரும் இணைய நிறுவனங்கள் மீதான டிஜிட்டல் சேவை வரியைக் கைவிட்டது. செப்டம்பர் 1 முதல், ஒப்பந்தத்துக்கு உட்பட்ட அமெரிக்கச் சரக்கின் மீதான பதிலடி வரிகளை நீக்கியது; எஃகு, அலுமினியம், கார் வரிகளை மட்டும் வைத்துக்கொண்டது. முழங்கையைத் தூக்கச் சொன்னவர்கள் இப்போது இறக்கிவிட்டார்களா என்று எதிர்க்கட்சி கேட்டது. அக்டோபரில் ஒன்டாரியோ அரசு, வரிகளைக் குறைசொல்லி ரொனால்ட் ரீகன் 1987-இல் ஆற்றிய வானொலி உரையின் பகுதிகளை விளம்பரமாக அமெரிக்கத் தொலைக்காட்சிகளில் ஓடவிட்டது. செலவு 7.5 கோடி கனடிய டாலர். டிரம்ப் பேச்சுவார்த்தையையே நிறுத்திவிட்டார். கனடாவில் பலர் அந்த விளம்பரத்துக்குக் கைதட்டினார்கள். எஃகு ஆலையில் வேலை பார்ப்பவர் அதே மகிழ்ச்சியோடு கைதட்டியிருப்பாரா என்று எனக்குச் சந்தேகம்.

விட்டுக்கொடுத்ததில் மிகவும் கசப்பானது வரி சம்பந்தப்பட்டதே அல்ல. எல்லையைக் கவனிக்கும் பொதுப் பாதுகாப்பு அமைச்சராக 2025 மே மாதம் பொறுப்பேற்றவர் கேரி ஆனந்தசங்கரி, யாழ்ப்பாணத்தில் பிறந்து ஸ்கார்பரோவிலிருந்து தேர்வானவர். ஜூன் 3 அன்று அவர் கொண்டுவந்த எல்லைப் பாதுகாப்பு மசோதாவில், நாட்டுக்குள் வந்து ஓராண்டுக்குப் பிறகு அகதிக் கோரிக்கை வைப்பவர்களுக்கு விசாரணை வாரியத்தின் கதவை அடைக்கும் பிரிவு இருந்தது. மனித உரிமை அமைப்புகளும் அகதி நல அமைப்புகளும் கடுமையாக எதிர்த்தன. வாஷிங்டனைச் சமாதானப்படுத்த எழுதப்பட்ட சட்டம் என்று அவை சொன்னதை மறுப்பது கடினம். 1986-இல் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காக்கும் படகுகளில் தத்தளித்த 155 தமிழர்களை மீனவர்கள் காப்பாற்றிக் கரைசேர்த்த நாடு அது. எஃகுக்கும் காருக்கும் போட்ட வரியின் சுமை, எந்தக் கருத்துக்கணிப்பும் கேட்காத, வாக்குரிமையே இல்லாத மனிதர்களின் தலையிலும் இறங்குகிறது.

வட அமெரிக்க வர்த்தக ஒப்பந்தத்தின் விதிப்படி 2026 ஜூலை 1 மூன்று நாடுகளும் கூடி அதை மறுஆய்வு செய்யக் குறித்த நாள். இப்படி மறுஆய்வு வரும்போதெல்லாம் கணிப்பு நிறுவனங்கள் மீண்டும் தொலைபேசியில் அழைக்கும். உறுதியாக நிற்கவேண்டுமா, விட்டுக்கொடுக்கவேண்டுமா என்று கேட்கும். நிற்கவேண்டும் என்றே பெரும்பான்மை சொல்லும், சொல்லட்டும். அவமதிக்கப்பட்ட மக்கள் வேறென்ன சொல்வார்கள். அப்படிச் சொல்பவரிடம் கூடவே இன்னொரு கேள்வியையும் கேட்கவேண்டும்: சூ செயின்ட் மேரியின் எஃகுத் தொழிலாளிக்கும் பிராம்ப்டனில் ஆலை திறக்கக் காத்திருந்தவருக்கும் இரண்டாண்டுச் சம்பளம் கொடுக்க உங்கள் வருமான வரியில் எத்தனை டாலர் கூடுதலாகத் தருவீர்கள்?